ஃபிரெஞ்சு பேச மட்டும் கத்துக்கணும், எங்கிருந்து தொடங்குறது?

வட்டக்கானல் வழித்துணை:

எல்லாருக்கும் வணக்கம். கொடைக்கானல்ல டூரிஸ்ட்டுகளைக் காட்டுப் பாதையில நடத்திக் கூட்டிப்போற வேலை. புதுச்சேரி, தஞ்சாவூர், மதுரை பார்த்துட்டு மலையேறி வர்ற ஃபிரெஞ்சுக்காரங்கள்ல வயசானவங்க பல பேருக்கு இங்கிலீஷ் வராது. "வழுக்கும், பார்த்து வாங்க"ன்னு சொல்லக்கூட கையைக் காலை ஆட்ட வேண்டியிருக்கு.

டிசம்பருக்கு 5 மாசம் இருக்கு. தினம் 40 நிமிஷம் ஒதுக்க முடியும். ஆறு வாரமா ஒரு ஆப்ல படிக்கிறேன். படத்தைத் தொடுன்னா சரியாத் தொடுறேன், வாயைத் திறந்தா ஒண்ணும் வர மாட்டேங்குது. பரீட்சை எழுத வேண்டாம், கடிதம் எழுத வேண்டாம். நான் பேசணும், அவங்க பேசுறது புரியணும், அவ்வளவுதான். உச்சரிப்பு, இலக்கணம், வார்த்தை, இதுல எதை முதல்ல பிடிக்கிறது? தமிழ்ல எழுதி வச்சு மனப்பாடம் பண்ணலாமா?

செண்பகனூர்:

தம்பி, முதலில் உச்சரிப்பு. இலக்கணம் ரெண்டு மாதம் பொறுக்கும். உச்சரிப்பு முதல் மூன்று வாரத்தில் தப்பாகப் படிந்துவிட்டால் கழற்றி மாட்டுவது பெரிய வேலை. இங்கிலீஷ் வழியாகப் போகவே போகாதீர்கள். ஒலியில் ஃபிரெஞ்சுக்குப் பல இடங்களில் தமிழ்தான் கிட்டத்து உறவு.

உதாரணம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. சலேத் மாதா கோவில். ஃபிரான்ஸில் ஆல்ப்ஸ் மலையில் இருக்கும் ஓர் ஊரின் பெயர் அது. 19-ஆம் நூற்றாண்டில் மதுரை மிஷனின் ஃபிரெஞ்சு சேசு சபைக் குருக்கள் கொண்டுவந்து வைத்தது. கொடைக்கானலில் யாரும் "சலேட்" என்று சொல்வதில்லை, "சலேத்" என்றுதான் சொல்கிறோம். அதுதான் சரி. ஃபிரெஞ்சில் ட கிடையாது. நாக்கு பல்லைத் தொடும் த மட்டும்தான். இங்கிலீஷ் படித்த நாக்கு உடனே மேலே மடிந்து ட அடிக்கும். அதை நிறுத்தினாலே பாதி உச்சரிப்பு திருந்திவிடும். இன்னொன்றும் பாருங்கள்: அந்தப் பெயரை ஃபிரெஞ்சில் எழுதினால் கடைசியில் ஓர் உயிரெழுத்து உண்டு, அதை வாயில் சொல்வதில்லை. அந்த எழுத்து இருப்பதால்தான் த் கேட்கிறது. அது இல்லாவிட்டால் வார்த்தையின் கடைசி மெய் பெரும்பாலும் ஊமை.

மூக்கொலி மூன்று உண்டு. எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். தமிழன் பயப்பட வேண்டியதில்லை, தினமும் பேசுகிறோம். "மரம்" என்று எழுதுகிறோம், பேசும்போது உதடு மூடுவதில்லை, "மரோ" என்று மூக்கில் முடிகிறது. அது முதல் ஒலி. "வந்தான்" என்பதைப் பேச்சில் முடிக்கும்போது நாக்கு மேலே தொடுவதில்லை, வாய் திறந்தே நிற்கிறது. அது இரண்டாவது. மதுரைப் பக்கம் "அவன்" என்பதை "அவெ" என்று மூக்கில் விடுவார்களே, அது மூன்றாவது. இனி இவற்றை (ன்) என்று அடைப்புக்குள் எழுதுகிறேன். அடைப்புக்குள் ன் பார்த்தால் நாக்கு எங்கும் தொடக்கூடாது. இந்த மூன்றையும் வரிசையாகச் சொல்லுங்கள்: வோ(ன்), வா(ன்), வெ(ன்). முதலாவது "போகிறார்கள்", இரண்டாவது "காற்று", மூன்றாவது "திராட்சை மது". கண்ணாடி முன் நின்று முடிவில் உதடு மூடுகிறதா என்று பாருங்கள். மூடினால் தப்பு.

தமிழ் காலை வாரும் இடமும் இங்கேதான். நம் மொழியில் மூக்கொலிக்குப் பின்னால் வரும் க, த, ப தானாக மென்மையாகிவிடும். "பம்பரம்" சொல்லிப் பாருங்கள்: முதல் ப வேறு, ம்-க்குப் பின் வரும் ப வேறு. "தந்தை", "கொங்கு" எல்லாம் அப்படித்தான். இந்தப் பழக்கம் ஃபிரெஞ்சுக்குள் போய்விடும். மலைக்கு "மோ(ன்)தஞ்" என்று பெயர். அதில் வருவது தந்தையின் முதல் த. நாம் சும்மா விட்டால் இரண்டாவது த-தான் வரும். முப்பது "த்ரா(ன்)த்", ஐம்பது "ஸெ(ன்)கா(ன்)த்" எல்லாவற்றிலும் இதே தப்பு. மருந்து இதுதான்: மூக்கொலியை முடித்து, அரை நொடி நிறுத்தி, பிறகு த சொல்லுங்கள். மோ(ன்)... தஞ். ஒரு வாரம் நிறுத்தி நிறுத்திச் சொன்னால் பிறகு இடைவெளி தானாகச் சுருங்கும். கடைசி ஞ் நம்முடைய ஞ-வேதான். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டாம்.

உயிருக்கு நடுவில் வரும் ஒற்றை எழுத்தும் தமிழில் இளகும். "நிறைய" என்பதற்கான வார்த்தையை "போகூ" என்று எழுதினால் நம் வாயில் "போகும்" என்பதன் க-தான் வரும். ஆகவே நோட்டில் இரட்டித்து எழுதுங்கள்: "போக்கூ". ஆனால் வாயில் க்-கை அழுத்தி நிறுத்த வேண்டாம்.

மென்மையான ப, த, க வேண்டிய இடத்தில் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு மேற்கோடு போட்டுக்கொள்ளுங்கள். பெ(ன்) என்றால் ரொட்டி. பெ'(ன்) என்றால் குளியல். மேலே சொன்ன "நிறைய"-வுக்கும் முதல் எழுத்தில் கோடு உண்டு: போ'க்கூ. ஜ என்று எழுதுவதை ராஜாவின் ஜ-வாகச் சொல்லாதீர்கள். ஷ சொல்லிக்கொண்டே தொண்டையை அதிர விட்டால் வருவது அது. ஸ-வுக்கும் அப்படி அதிரும் ஜோடி உண்டு, ஃஸ என்று எழுதலாம். புவாஸோ(ன்) மீன், புவாஃஸோ(ன்) விஷம். சமையல் பக்கம் பேசும்போது ரொம்பக் கவனம்.

தமிழில் சுத்தமாக இல்லாத உயிர் ஒன்று. "ஈ" என்று இழுங்கள். நாக்கை அசைக்காதீர்கள், உதட்டை மட்டும் ஊ-வுக்குக் குவிப்பதுபோல் குவியுங்கள். அதுதான். வேறு வழியில்லாமல் "யு" என்று எழுதுகிறேன், ஆனால் ய், உ என்று இரண்டாகப் பிரியக்கூடாது. அதே மாதிரி "ஏ" சொல்லிக்கொண்டே உதட்டைக் குவித்தால் "இரண்டு" என்பதன் உயிர் வரும்: தெ'.

தொண்டையில் உருட்டும் ர-வை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நம் நாக்கு நுனி ர சொன்னாலும் அவர்களுக்கு நன்றாகப் புரியும். அதைப் பிடிக்கப் போய் முதல் மாதத்தை வீணாக்குகிறவர்கள் நிறைய. மூக்கொலி தப்பினால் பொருளே மாறும், ர தப்பினால் ஊர்தான் தெரியும்.

பாம்பார்புரம் வீட்டுச் சாப்பாடு:

செண்பகனூர் அண்ணன் சொன்ன ஒலிகளைப் பிடிச்சுக்கோங்க தம்பி. அதுக்கு மேல வாக்கியத்துக்கு நான் சொல்றேன். வினைச்சொல் அட்டவணையை மனப்பாடம் பண்ண உட்காராதீங்க. நான், நீ, அவன், நாங்கள்னு ஆறு உருவம், அதுக்கு ஒவ்வொரு காலம்னு போனா டிசம்பர் வந்துடும். தமிழ்ல நாம "இருக்கு, இல்ல, ணும், லாம்" நாலை வச்சே பொழுதை ஓட்டுறோம் இல்லையா, ஃபிரெஞ்சுலயும் அந்த நாலு இருக்கு. எதுக்கும் ஆளுக்கேத்த உருவ மாத்தம் வேண்டாம்.

இருக்கு = "யா". எழுத்துல அது நீளம், பேச்சுல யா மட்டும்தான் காதுல விழும். ஒண்ணா, பலவான்னு கவலை இல்ல. "யா த' லோ ஷோத்'", வெந்நீர் இருக்கு. "யா தே' ஸெ(ன்)ஜ்", குரங்கு இருக்கு. "யா த்யு' ப்'ரூயார்", மூடுபனியா இருக்கு.

இல்ல = "யா பா த'". "யா பா த' ரெஃஸோ", சிக்னல் இல்ல. நம்ம பாதையில தினம் நாலு தடவை சொல்லணும்.

ணும் = "இல் ஃபோ". பின்னாடி வினைச்சொல்லை அப்படியே வையுங்க. "இல் ஃபோ மர்ஷே", நடக்கணும். "இல் ஃபோ ஆத்தா(ன்)த்'ர்", காத்திருக்கணும்.

லாம் = "ஓ(ன்) பெ". பெ-ல உதடு குவியணும். "ஓ(ன்) பெ மா(ன்)ஜே இஸி", இங்க சாப்பிடலாம். கூடாது, முடியாதுன்னா கடைசியில ஒரு பா: "ஓ(ன்) பெ பா ஆ(ன்)த்ரே", உள்ளே போக முடியாது. பெரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி இல்லாம போக முடியாதுன்னு சொல்ல இது போதும்.

இதோட "ஓ(ன்) வா" சேர்த்துக்கோங்க. போறோம், செய்யப்போறோம். "ஓ(ன்) வா மா(ன்)ஜே", சாப்பிடப் போறோம். இந்த "ஓ(ன்)"தான் பேச்சுல "நாம". புத்தகத்துல நாம-வுக்கு வேற சொல் பெருசாப் போட்டிருக்கும், நாள்பேச்சுல இதைத்தான் சொல்றாங்க.

இங்கிலீஷ் வழியா யோசிச்சா எங்க விழுவீங்கன்னா, வயசும் குளிரும். "எனக்கு 30 வயசு", "எனக்குக் குளிருது", "எனக்குப் பசிக்குது"ன்னு நாம சொல்றோம். ஃபிரெஞ்சுலயும் "என்கிட்ட 30 வருஷம் இருக்கு, குளிர் இருக்கு, பசி இருக்கு"தான்: "ஜே த்ரா(ன்)தா(ன்)", "ஜே ஃப்ருவா", "ஜே ஃபெ(ன்)". இங்கிலீஷ்காரன் மாதிரி "நான் 30 ஆக இருக்கேன்"னு போட்டா அவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்.

மரியாதை விஷயம் நமக்குக் கைவந்தது. "த்யு" நீ, "வூ" நீங்க. விருந்தாளிக்கு எப்பவும் வூ. அவங்களே நீ போட்டுப் பேசுவோம்னு சொன்னா மட்டும் மாத்துங்க. ஆனா எதைக் கேட்கிறதுக்கு முன்னாடியும் "போ'(ன்)ஜூர்" சொல்லியே ஆகணும். நாம நேரா "டீ வேணுமா"ன்னு கேட்கிறது அன்பு, அவங்களுக்கு அது முகத்துல அடிச்ச மாதிரி. முதல்ல போ'(ன்)ஜூர், கூடவே முஸ்யெ இல்லைன்னா மதா'ம், அப்புறம்தான் டீ. சாயங்காலம் "போ'(ன்)ஸ்வார்". "பொ'ன் நுயி"ன்னு ஒண்ணு இருக்கு, அது படுக்கப் போறப்போ மட்டும். ராத்திரி எட்டு மணிக்கு வாசல்ல வர்றவங்ககிட்ட அதைச் சொன்னா போய்த் தூங்குங்கன்னு ஆயிடும்.

சாப்பாடு பரிமாறுறவங்க இன்னொண்ணு தெரிஞ்சுக்கணும். இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமான்னு கேட்டா வெறும் "மெர்ஸி"ன்னு சொல்லிக் கையை லேசா ஆட்டுவாங்க. நன்றின்னு நினைச்சு வச்சிடாதீங்க. அந்த இடத்துல அது "வேண்டாம், போதும்". வேணும்னா "வி, மெர்ஸி"ம்பாங்க.

பெயர்ச்சொல்லுக்கு ஆண், பெண் பால் இருக்கிறது உண்மை. குறுக்கு வழி இல்ல. மழை பெண், மூடுபனி ஆண். வார்த்தையைத் தனியாப் படிக்காம முன்னாடி வர்ற சின்னச் சொல்லோட சேர்த்தே படிங்க. தப்பினாலும் புரியும், அதுக்காகப் பேச்சை நிறுத்திடாதீங்க.

மன்னவனூர்:

தமிழ்ல எழுதி வைக்கிற விஷயத்துல எனக்கு மாத்துக் கருத்து. செண்பகனூர் அண்ணன் சொன்ன மேற்கோடு, அடைப்பு எல்லாம் நல்ல குறிதான். ஆனா அது ஏற்கெனவே கேட்ட ஒலியை ஞாபகப்படுத்துற குறி. கேட்காத ஒலியை அந்த நோட்டுல இருந்து வாசிச்சுக் கத்துக்க முடியாது. நோட்டைப் பார்த்து வாசிக்கிற அன்னிக்கே அது தமிழாயிடும். அதனால வரிசை முக்கியம்: முதல்ல காது, அடுத்து வாய், மூணாவது நோட்டு, கடைசியில ஃபிரெஞ்சு எழுத்து.

40 நிமிஷத்தை எப்படிச் செலவழிக்கிறதுன்னு சொல்றேன். ஒரு ஃபிரெஞ்சுக்காரர் பேசின ஒலித்துண்டு, 8 இல்ல 10 நொடி, அதுக்கு மேல வேண்டாம். எழுத்தைப் பார்க்காம நாலு தடவை கேளுங்க. அஞ்சாவது தடவை வார்த்தை இல்லாம "ம்ம்ம்"னு ராகத்தை மட்டும் முணுமுணுங்க. ஃபிரெஞ்சு அசைக்கு அசை சமமா ஓடி, கடைசி அசை மட்டும் கொஞ்சம் நீளும், அந்த ஓட்டம் இதுலதான் பிடிபடும். அப்புறம் அவர் பேசும்போதே கூடவே பேசுங்க, முடிஞ்ச பிறகு இல்ல, கூடவே. பத்துத் தடவை. அடுத்து போன்ல உங்க குரலைப் பதிவு பண்ணி, அவர் குரல், உங்க குரல், அவர் குரல்னு மாத்தி மாத்திப் போட்டுக் கேளுங்க. ஒரே ஒரு வித்தியாசத்தை மட்டும் எடுத்துத் திருத்துங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல திருத்தப் போனா எதுவும் நிக்காது. இதுக்கு 20 நிமிஷம். மீதியில 10 நிமிஷம் நேத்து, போன வாரம், போன மாசம் படிச்ச வாக்கியங்களைச் சொல்றது. கடைசி 10 நிமிஷம் பாம்பார்புரம் அக்கா சொன்ன நாலு சட்டகத்துல உங்க பாதைக்கு வேண்டிய வாக்கியத்தை நீங்களே கட்டிச் சத்தமாச் சொல்றது.

நாளைக்கு அஞ்சு புது வாக்கியம் போதும். அட்டை எழுதினா தனி வார்த்தையா எழுதாதீங்க. முன்பக்கம் "இங்க வழுக்கும்"னு தமிழ்ல ஒரு நிலைமை, பின்பக்கம் முழு வாக்கியமும் ஒலியும். ஆப்ல ஆறு வாரம் போயும் வாய் திறக்காததுக்குக் காரணமே இதுதான். அது கண்ணால பார்த்து அடையாளம் காட்டச் சொல்லுது. பேச்சுக்கு ஒண்ணும் இல்லாத இடத்துல இருந்து வாக்கியத்தை இழுக்கணும். ரெண்டும் வேற வேற வேலை.

ஒலிக்கு டிவி5 மோந்துங்கிற ஃபிரெஞ்சு டிவி சேனல் நடத்துற ஃபிரெஞ்சு பாடத் தளத்துல தொடக்கக்காரங்களுக்கான காணொளிகள் இலவசமா இருக்கு. ஆர்எஃப்ஐ வானொலியில எளிய ஃபிரெஞ்சுச் செய்தி 10 நிமிஷம் வரும், எழுத்து வடிவமும் தர்றாங்க. ஆனா பேருல எளியன்னு இருக்கேன்னு முதல் மாசமே அதுக்குப் போகாதீங்க, அது ரெண்டு மூணு படி மேல. வீட்டு வைஃபையில இறக்கி வச்சுக்கோங்க. வத்தலகுண்டு பாதையில வளைவுக்கு வளைவு சிக்னல் விட்டுப் போகும், பஸ்ல கேட்கலாம்னு நம்பி ஏறினா ஏமாந்துடுவீங்க.

புரியலைங்கிற பிரச்சினைக்குக் காரணம் வேகம் இல்ல, அவங்க சுருக்குறது. "எனக்குத் தெரியாது"ங்கிறதைப் பாடத்துல "ஜ ந ஸே பா"ன்னு நாலு அசையாப் படிப்பீங்க. வாயில வர்றது "ஷே பா". "நான் இருக்கேன்" "ஜ ஸுயி"ன்னு படிச்சது "ஷுயி" ஆகும். நாம "வந்து கொண்டிருக்கிறேன்"ங்கிறதை "வந்துட்டிருக்கேன்"ங்கிற மாதிரிதான். பாடத்து உருவமும் பேச்சு உருவமும் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் கேட்டாத்தான் காது திறக்கும்.

இன்னொண்ணு, வார்த்தை வார்த்தையோட ஒட்டுறது. தமிழ்ல புணர்ச்சி தெரிஞ்சவனுக்கு இது புதுசில்ல. ஊமையா இருந்த கடைசி எழுத்து, அடுத்த சொல் உயிர்ல தொடங்கினா எழுந்து வந்து ஒட்டிக்கும். "நீங்க" வூ, "வச்சிருக்கீங்க" அவே, சேர்ந்தா "வூஃஸவே". "குழந்தைகள்" லேஃஸா(ன்)ஃபா(ன்). தனித்தனியாப் படிச்சவனுக்கு இது ஏதோ புது வார்த்தை மாதிரிக் கேட்கும்.

வட்டக்கானல் வழித்துணை:

ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. மூணு நாளா மரம், வந்தான், அவன் சொல்லிட்டிருக்கேன், மூக்கொலி வருது. எண்ணுலதான் திணறுறேன். நேரம் சொன்னா ரெண்டு மணியா பன்னெண்டு மணியான்னு தெரியல. காசு சொல்றதும், போன் நம்பர் குறிக்கிறதும் எப்படி?

செண்பகனூர்:

நேரத்தில் குழம்புவது காதின் தப்பு இல்லை தம்பி. ரெண்டு மணி "தெ'ஃஸெர்", பன்னிரண்டு மணி "தூ'ஃஸெர்". முதல் உயிர் ஒன்றுதான் வித்தியாசம். ஆறு மணி "ஸிஃஸெர்", பத்து மணி "தி'ஃஸெர்". இதிலும் முதல் எழுத்து மட்டும்தான் வேறு. நீங்கள் சொல்லும்போது இந்தச் சிக்கலை ஒதுக்கிவிடலாம். பகல் பன்னிரண்டுக்கு "மிதி'" என்ற தனிச் சொல் இருக்கிறது. பிற்பகல் இரண்டை அவர்களே ரயில் நேரக் கணக்கில் பதினான்கு மணி என்பார்கள்: "கத்தோர்ஃஸெர்". அதையே பிடித்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்லும்போது சந்தேகம் வந்தால் மணிக்கட்டைக் காட்டாதீர்கள், திருப்பி "மிதி'?" என்று கேட்டால் போதும்.

60 வரை ஒழுங்காகப் போகும். அதற்குமேல் கூட்டல், பெருக்கல். 70 என்பது அறுபது-பத்து: "ஸுவஸா(ன்)த் தி'ஸ்". 75 அறுபது-பதினைந்து. 80 நாலு-இருபது: "கத்ர வெ(ன்)". 90 நாலு-இருபது-பத்து. நம் தொண்ணூறுக்குள்ளும் ஒரு நூறு ஒளிந்திருக்கிறது, ஆகவே கோபித்துக்கொள்ள வேண்டாம். பெல்ஜியம், சுவிட்சர்லாந்துக்காரர்கள் எழுபதையும் தொண்ணூறையும் நேராகச் சொல்வார்கள்: "ஸெப்தா(ன்)த்", "நொனா(ன்)த்". இதைக் கேட்டால் திகைக்காதீர்கள்.

போன் நம்பரை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல மாட்டார்கள், இரண்டிரண்டாகச் சொல்வார்கள். இங்கேதான் எல்லோரும் தப்பாகக் குறிப்பது. "ஸுவஸா(ன்)த்" காதில் விழுந்ததும் கை 6 எழுதிவிடும், பின்னாலேயே "கெ(ன்)ஃஸ்" வரும், அது 75. ஆகவே அறுபதோ நாலு-இருபதோ கேட்டால் பேனாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த அசை வரும்வரை காத்திருங்கள். பயிற்சிக்கு 60 முதல் 99 வரை நாற்பது எண்களையும் கலைத்துப் பதிவுசெய்து, தினம் 3 நிமிடம் கேட்டு எழுதுங்கள்.

காசுக்கு: நூறு "ஸா(ன்)", ஆயிரம் "மில்". 1,500 "மில் ஸெ(ன்) ஸா(ன்)". ஐந்துக்குத் தனியாக இருந்தபோது கேட்ட க், நூறுக்கு முன்னால் பெரும்பாலும் விழுந்துவிடும். ஆக 500-க்கும் 100-க்கும் இடையே ஒரு மூக்கொலிதான் வேலி. பணத்தில் இதை நம்ப வேண்டாம். வாயால் சொல்லுங்கள், கூடவே எழுதியும் காட்டுங்கள்.

குறிஞ்சி பற்றிக் கேட்பார்கள், அதையே ஆண்டு சொல்லும் பயிற்சியாக வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை: "தூ லே தூ'ஃஸா(ன்)". 2018-இல் பூத்தது, இனி 2030: "தெ' மில் த்ரா(ன்)த்".

ரெண்டாம் மொழி:

கேள்வி கேட்டவருக்குப் பரீட்சை வேண்டாம்னாலும், வீட்டுப் பிள்ளைகளுக்காக இதைப் படிக்கிறவங்களுக்கு ஒரு குறிப்பு. பள்ளியில மார்க்குக்காக ஃபிரெஞ்சு எடுத்த பிள்ளைங்க வினைச்சொல் அட்டவணையை எழுதிடுவாங்க, வாய் திறக்காது. டெல்ஃப் ஏ1-ங்கிற தொடக்கநிலை ஃபிரெஞ்சுத் தேர்வை இலக்கா வச்சா பேச்சும் சேர்ந்து வரும். அதுல கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நாலுக்கும் தலா 25 மார்க். மொத்தம் 50 எடுக்கணும், எந்த ஒண்ணுலயும் 5-க்குக் கீழ போகக்கூடாது. பேச்சுத் தேர்வு 5 முதல் 7 நிமிஷம்: தன்னைப் பத்திச் சில கேள்விக்குப் பதில், அட்டையில இருக்கிற வார்த்தையை வச்சு நாம கேள்வி கேட்கிறது, கடையில வாங்குற மாதிரி ஒரு நடிப்பு. பின்னாடி ரெண்டுக்கும் 10 நிமிஷம் தயாராக நேரம் தருவாங்க. நிறைய பேர் கோட்டை விடுறது ரெண்டாவது பகுதியில. பதில் சொல்லித்தான் பழகியிருப்பாங்க, கேள்வி கேட்டுப் பழகியிருக்க மாட்டாங்க. சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. சென்னை, புதுச்சேரியில இருக்கிற அலியான்ஸ் ஃபிரான்ஸேஸ்ங்கிற ஃபிரெஞ்சு மொழி மையத்துல விசாரிக்கலாம்.

வட்டக்கானல் வழித்துணை:

நடை தொடங்குமுன்ன சொல்றதுக்கு ஒண்ணு கட்டியிருக்கேன். திருத்துங்க.

"போ'ன்ஜூர். ஓ(ன்) வா மர்ஷே தெ'ஃஸெர். யா தே' ஸெ(ன்)ஜ், யா தே' ஸா(ன்)ஸ்யு. அட்டென்ஷன், ஸா க்'லிஸ். தூ த்'ருவாத். ஓ த'ஸூ யா த' லோ."

சொல்ல வந்தது: ரெண்டு மணி நேரம் நடக்கப் போறோம். குரங்கு இருக்கு, அட்டைப் பூச்சி இருக்கு. பார்த்து, வழுக்கும். நேராப் போங்க. கீழே தண்ணி இருக்கு.

பாம்பார்புரம் வீட்டுச் சாப்பாடு:

நல்லா வந்திருக்கு தம்பி. அஞ்சு இடம் சொல்றேன்.

போ'ன்ஜூர்னு அடைப்பு இல்லாம எழுதியிருக்கீங்க, நாக்கு தொட்டிருக்கும்னு தெரியுது. போ'(ன்)ஜூர். பின்னாடி ஒரு மதா'ம், முஸ்யெ சேருங்க. குழுவா நின்னா "போ'(ன்)ஜூர் ஆ தூஸ்", எல்லாருக்கும்.

"அட்டென்ஷன்" இங்கிலீஷ் நாக்கு. "அத்தா(ன்)ஸியோ(ன்)". முதல்ல வந்தான் மூக்கு, கடைசியில மரம் மூக்கு. எச்சரிக்கைச் சொல், இது சரியா வந்தே ஆகணும்.

"தூ த்'ருவாத்" பெரிய தப்பு. நேரா = "தூ த்'ருவா". வலது பக்கம் = "ஆ த்'ருவாத்". கடைசி த் ஒண்ணுதான் வித்தியாசம், நீங்க சொன்னதைக் கேட்டா பாதிப் பேர் வலது பக்கம் திரும்பிடுவாங்க. வலது பக்கம் பள்ளம் இருக்கிற பாதையில இது விளையாட்டு இல்ல. கையை நீட்டிக் காட்டிக்கிட்டே சொல்லுங்க. இடது "ஆ கோ'ஷ்", அதுல குழப்பம் இல்ல.

"ஓ த'ஸூ" கீழே, சரிதான். ஆனா மேலேங்கிறது "ஓ த'ஸ்யு". ஊ-வும் அந்தக் குவிஞ்ச ஈ-யும்தான் வித்தியாசம், மூச்சு வாங்குற ஏத்தத்துல உங்க வாய்க்கும் வராது, அவங்க காதுக்கும் பிரியாது. பதிலா மேலே "ஆ(ன்) ஓ", கீழே "ஆ(ன்) பா'"ன்னு வச்சுக்கோங்க.

அட்டைக்கு "ஸா(ன்)ஸ்யு" சரி. ஆனா இருக்குன்னு மட்டும் சொல்லி விட்டா பயந்துடுவாங்க. மழை நாள்ல சோலைக்குள்ள போறப்போ இதையும் சேருங்க: "ந தீரே பா, மெத்தே த்யு' ஸெல்", பிடிச்சு இழுக்காதீங்க, உப்பு போடுங்க. உப்புப் பொட்டலத்தைக் கையில தூக்கிக் காட்டிக்கிட்டே சொல்லிட்டா பாதி வார்த்தை விழுந்தாலும் புரிஞ்சிடும்.

செண்பகனூர்:

அக்கா சொன்னதோடு ஒன்றே ஒன்று. "தெ'ஃஸெர்" இங்கே இரண்டு மணி நேரம். மேலே பார்த்த அதே "தூ'ஃஸெர்" ஆகிவிட்டால் பன்னிரண்டு மணி நேரம் நடக்கப் போகிறோம் என்று ஆகிவிடும். ஏ சொல்லி உதட்டைக் குவித்து, இரண்டு விரலையும் காட்டுங்கள். திருத்தியதை நாளை பதிவுசெய்து இங்கே போடுங்கள் தம்பி, மூக்கொலியைக் கேட்டுச் சொல்கிறேன்.